அரை மணி நேரத் தோட்டம்

வீடு,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பி வாண்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, அம்மா மூவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்டுவைக்கிறேன். கேட்காமல் விட்டால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். போன் செய்து பார்த்தாயிற்று. மணி அடித்து அடித்து ஓய்கிறது. செய்தி அனுப்பினால் நீ பார்த்த அடையாளம்கூட விழுவதில்லை. நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவைக் கேட்டால், கிடங்கு வேலைக்குப் போகிறார், வருகிறார், ஒரு தொந்தரவும் கிடையாது என்று நற்சான்றிதழ் தருகிறார். தொந்தரவு செய்யாத தம்பி எவனையும் எனக்குத் தெரியாதே. அதனால்தான் தபால். கதவுக்கு அடியில் விழுந்து கிடந்தால் என்றைக்காவது உன் காலில் இடறும், குனிந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்.

பயப்படாதே, இது புத்தி சொல்லுகிற கடிதம் இல்லை. எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அதே நாற்காலி, அதே ஹெட்போன், அதே நான். ஆனால் கொஞ்ச நாளாக, ஷிப்ட் முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் குரல்கள் காதை விட்டுக் கழலுவதில்லை. துணி துவைக்கிற இயந்திரம் வேலை முடிந்து பீப் என்றால், சொல்லுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. ஒருநாள் என் கணவர், அதாவது உன் அருமை மாமா, குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். நான் கதவுக்கு வெளியே நின்று, நினைவோடு இருக்கிறீர்களா, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டேனாம். மனிதர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் அவர் சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மையத்து டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதித் தருவார் என்று பார்த்தால், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் அரை மணி நேரம் வேண்டும், கைக்கு வேலை கொடு, காதுக்கு விடுமுறை கொடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். உன் மாமாவுக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. நீ அட்டைப்பெட்டியில் கட்டி, இனி எனக்கு வேண்டாம் என்று எங்கள் அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கேம் பெட்டி. இறக்கித் தூசி தட்டி, தொலைக்காட்சியில் மாட்டிக் கொடுத்தார். இந்த வயதில் உனக்கு விளையாட்டா என்று அம்மா கேட்டாள். டாக்டர் சொன்னது என்றேன். டாக்டர் என்றதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். இனிமேல் எல்லாவற்றுக்கும் டாக்டர் பெயரைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இனிதான் என் கஷ்டம் ஆரம்பம். எதை விளையாடுவது?

முதலில் ஒரு சமையல் விளையாட்டு. மனதை லேசாக்கும் என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. எழுதியவன் ஜென்மத்தில் வேலைக்குப் போகாதவனாக இருக்க வேண்டும். உள்ளே போனால் கடை வாசலில் வரிசை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கோடு, பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு. தாமதமானால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காலையிலிருந்து நான் பார்த்துவிட்டு வந்ததும் அதே சிவப்புதான். எங்கள் திரையில் சிவப்பு விழுந்தால் மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். இங்கே அவர் இல்லாத குறையை அம்மா தீர்த்துவைத்தாள். பின்னால் நின்றுகொண்டு, அந்தத் தொப்பிக்காரர் ரொம்ப நேரமாக நிற்கிறார் பார் என்றாள்.

அடுத்தது மீன் பிடிப்பது. ஏரி, தவளைச் சத்தம், தண்ணீரில் தக்கை. தக்கை அமுங்கும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்து, ஒன்று அசைந்தவுடன் பாய வேண்டும் என்றால், அதற்குத்தானே எனக்கு ஆபீசில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

பிறகு சுவர் கழுவுகிற விளையாட்டு. குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அழுக்குச் சுவரைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். இது பிடித்தது. பிடித்ததுதான் தொல்லை. ஒரு மூலையில் துளி அழுக்கு இருந்தாலும் விட்டுவிட்டு எழ மனம் வரவில்லை. அரை மணி என்று உட்கார்ந்தவள் சாப்பாட்டையே மறந்தேன். நான் விட்டதை உன் மாமா பிடித்துக்கொண்டார். கடையில் நாள் முழுக்க ஊரார் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து மாட்டிவிட்டு வந்து, இங்கே சுவரைத் துடைக்கிறார். எங்கள் நிஜக் குளியலறை எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

காட்டில் நடக்கிற விளையாட்டு ஒன்று. எதிரி இல்லை, புள்ளி இல்லை, ஈ காக்கை இல்லை, சும்மா நடக்கலாம். கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன். இந்த இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் வண்டி எந்தப் பக்கமாக வரும், கூப்பிடுகிறவர் எதை அடையாளம் சொல்லுவார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மரம் மரமாக அடையாளம் தேடினேன். உன் மாமா கன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கடைசியாக, புது வீட்டுக்குக் குடிபோகிற ஒருத்தியின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அலமாரியில் அடுக்குவது. சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் பெட்டியைப் பிரிக்கப் பிரிக்க, நீ எங்கள் கூடத்தில் உட்கார்ந்து உன் சாமான்களைக் கட்டினது நினைவுக்கு வந்தது. பஸ் டிரைவர் சட்டைகளை எந்தப் பெட்டியிலும் போடாமல், சோபா மேல் மடித்து வைத்துவிட்டுப் போனாய். விளையாட்டை நிறுத்திவிட்டேன்.

அந்த மழை நாளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. சைக்கிள்காரர் சறுக்கி உன் பஸ்ஸுக்கு அடியில் விழுந்ததற்கு நீ காரணமில்லை என்று விசாரணையில் முடிவாகிவிட்டதை இன்னொரு தடவை சொன்னால், உனக்குக் கோபம்தான் வரும். எத்தனை பேர் சொல்லியாயிற்று. நான் விளையாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கடிகாரம் ஓடக்கூடாது. மணி அடிக்கக்கூடாது. யாரும் காப்பாற்று என்று கேட்கக்கூடாது. பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகக்கூடாது. இப்படி ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா? உனக்குத்தான் தெரியும். நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டு வந்து, சாயங்காலம் அரை மணி நேரம் விளையாடிவிட்டு, மலர்ந்த முகத்தோடு சாப்பிட உட்காருவாயே. அப்போதெல்லாம் உன்னைக் கேலி செய்வேன். இப்போது உன்னிடமே வந்து நிற்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் ஓர் அழைப்பு. எடுத்தால் பேச்சே இல்லை, மூச்சு மட்டும்தான். அப்படி வந்தால் நாங்கள் வைத்துவிட மாட்டோம். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. "பேச வேணாம். நான் பேசுறது கேட்டா போனை ஒரு தட்டு தட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டொக் என்று ஒரு சத்தம். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டு, இரண்டு, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒன்று. வண்டி போய்ச் சேர்ந்தது. பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்ட மனிதர். பிழைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் எந்த விளையாட்டும் தேவைப்படவில்லை, அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஒரே ஒரு பெயர் எழுதி அனுப்பு. விளையாட்டின் பெயரைத்தான் சொல்கிறேன். ஒரு வரி போதும். அம்மா பக்கத்தில் நின்று, வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேள் என்கிறாள். கேட்டுவிட்டேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா.

*

வீடு,
சனி மாலை.

என் வாண்டுத் தம்பிக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா வாசலுக்குப் போய்விடுகிறாள். அந்த மனிதர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார்.

நீ தேர்ந்தெடுத்துத் தரவில்லை, நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். கேம் பெட்டியின் அடி வரிசையில் ஒரு தோட்டத்துப் படம் இருந்தது. குழந்தைகள் சமாச்சாரம் போலிருக்கிறது என்று இத்தனை நாள் தாண்டிப் போனேன். வேறு எதுவும் சரிப்படாமல் போன ஒரு சாயங்காலம் திறந்தேன். ஒரு மேடு, ஓர் ஓடை, இரண்டு சின்ன வீடுகள், இடுப்பளவு களை. ஒரு வீட்டு வாசலில் "வாண்டு" என்று பலகை. இன்னொரு வீட்டில் "அக்கா".

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? எனக்கென்று ஒரு வீட்டைக் கட்டி, ஜன்னலுக்கு நீலம் அடித்து, வாசலில் ஒரு பூவாளியையும் வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேரமில்லை நேரமில்லை என்று நான் பறந்துகொண்டிருந்ததில் சொல்ல எங்கே இடம் இருந்தது. கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா உள்ளேயிருந்து, இதுதான் ஓய்வா, டாக்டரை மாற்று என்றாள்.

அன்றிலிருந்து களை பிடுங்குகிறேன். வாண்டு, இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் கிடையாது. பிடித்து இழுத்தால் பொதுக் என்று ஒரு சத்தம், அடியில் கருப்பு மண். யாரும் நேரம் பார்ப்பதில்லை. இன்றைக்குப் பாதியில் எழுந்து போனால் நாளைக்கு அதே பாதியில் காத்திருக்கிறது. உயிர் பிழைக்குமா பிழைக்காதா என்று எந்தச் செடியும் என்னைக் கேட்பதில்லை. வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீயோடு உட்காருவேன். டீ ஆறிப்போகிறது, நானும் ஆறிப்போகிறேன். குரல்கள் கழன்றுவிடுகின்றன என்று சொன்னால் பொய். ஆனால் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்கின்றன. துவைக்கிற இயந்திரத்துக்கு இப்போது நான் பதில் சொல்வதில்லை.

இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தப்புச் செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

களையெல்லாம் போன பிறகு பார்த்தால், உன் வாசலிலிருந்து என் வாசல் வரைக்கும் அகலமாக ஒரு வெறும் மண் பட்டை. என் வேலிக்குப் பக்கத்தில் கற்பலகைகள் குவியலாகக் கிடந்தன. பாவம், சாலை போட ஆரம்பித்து, முடிக்க நேரம் கிடைக்காமல் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரச் சாயங்காலங்கள் உட்கார்ந்து, கல் கல்லாக எடுத்துப் பதித்து, அந்தச் சாலையை முடித்தேன். ஓரத்தில் பஸ் நிறுத்தக் கம்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதையும் நிமிர்த்தி நட்டேன். பெருமை தாங்கவில்லை. உன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவன் போட்டு முடிச்ச ரோடுதான் அது. அவனே பெயர்த்துட்டான்."

விசாரணை நடந்த அந்த நாட்களில் நீ எங்கள் சோபாவில் உட்கார்ந்து பேசாமல் விளையாடிக்கொண்டிருந்தாயே. நான், போகட்டும், விளையாடவாவது செய்கிறானே என்று நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன். நீ விளையாடவில்லை. ஆசை ஆசையாய்ப் போட்ட சாலையை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, என் வேலி ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். கேட்கத் தோன்றவில்லையாம், எழுந்து போகவும் மனம் வரவில்லையாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் சண்டை போட்டேன். நான் வேலைக் குரலில் உன்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தாராம்.

உனக்கு ஓய்வு என்றால் சாலைதான். அடுத்தவர்கள் விளையாட்டில் வானத்தில் பறப்பார்கள், பூதத்தை வெட்டுவார்கள். நீ பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாயங்காலம் பொம்மைச் சாலை போட்டு, அதன் ஓரத்தில் நிறுத்தம் வைத்து அழகு பார்த்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு சாலையைப் பார்க்கவே முடியாமல் போயிற்று என்றால், இத்தனை நாள் உன்னிடம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் நாங்கள்? தப்பு உன்மேல் இல்லை, தப்பு உன்மேல் இல்லை என்று. உனக்கு வலித்தது தப்பு யார்மேல் என்பது இல்லை. ஒரு மனிதர் செத்துப்போனதுதான். அது யார் மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலிக்கும். எனக்குத் தெரியும், தம்பி. என் காதிலேயே எத்தனை பேர் போயிருக்கிறார்கள்.

சாலையை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. பெயர்க்கலாமா, விடலாமா? அது உன்னுடையது. நான் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மாமா ஒரு விஷயம் சொன்னார். இந்தத் தோட்டம் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இல்லையாம். எங்கேயோ பொதுவில் இருக்கிறதாம். நீ உன் போனில் திறந்தாலும் இதே மேடு, இதே ஓடைதானாம். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். நீ எழுத வேண்டாம், பேச வேண்டாம், போனை எடுக்க வேண்டாம். என்றைக்காவது கிடங்கிலிருந்து வந்ததும் அந்தத் தோட்டத்தைத் திற. உன் வாசலில் ஒரு செடி வாடிக்கிடக்கிறது. நான் தொடவில்லை. அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்று. மறுநாள் மண் ஈரமாக இருந்தால் தெரிந்துகொள்வேன். நான் பேசுவது உனக்குக் கேட்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
சாலை போட்ட முட்டாள் அக்கா.

*

வீடு,
ஞாயிறு.

என் தங்கத் தம்பிக்கு,

நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அது செத்தே போய்விட்டது. சொன்னதை என்றைக்குக் கேட்டிருக்கிறாய்?

தினமும் வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் முதலில் உன் வாசலைப் போய்ப் பார்ப்பேன். மண் வெளுத்துக் கிடக்கும். உன் மாமா சமையலறையில் நின்றபடியே, என்ன என்பது போலப் பார்ப்பார். இல்லை என்று தலையாட்டுவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஓய்வுக்கென்று தேடிப்பிடித்த விளையாட்டு, கடைசியில் என் வேலையாகவே ஆகிவிட்டது. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிற வேலை.

போன செவ்வாய்க்கிழமை போனேன். செடி செத்துக் கிடந்தது. மனசு விட்டுப்போய்த் திரும்பியவள், உன் வாசலுக்கு எதிரே சாலையைப் பார்த்தேன். மூன்று கல் இல்லை. பெயர்த்த இடத்தில் மண் புதிதாக இருந்தது.

வாண்டு, எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. என்மேல் கோபம் வந்திருக்கிறது உனக்கு. அக்கா போட்ட கல்லை எடுத்து வீசியிருக்கிறாய். சின்ன வயதில் நான் வாரிவிட்ட தலையை நீ வேண்டுமென்றே கலைப்பாயே, அதே ஆள்தான் என்று தோன்றியது. உன் மாமாவைக் கத்திக் கூப்பிட்டேன். அம்மா பயந்துபோய் அவருக்கு முன்னால் ஓடிவந்தாள். மூன்று கல் இல்லாத இடத்தைக் காட்டினேன். அம்மாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன்தானே என்று மட்டும் கேட்டாள். அவன்தான் என்றேன். பிறகு அவள் உள்ளே போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து, அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன செய்வதென்று அப்போது தெரிந்துவிட்டது. என் வாசல் பக்கத்திலிருந்து நானும் பெயர்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு. மறுநாள் பார்த்தால் உன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. நீ அந்தக் கோடியிலிருந்து, நான் இந்தக் கோடியிலிருந்து. ஒரு வார்த்தை இல்லை. போடும்போது கொஞ்சமாகத் தெரிந்த கல், எடுக்கும்போது எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையைச் செய்து ரொம்ப நாளாயிற்று.

நேற்று நான் உள்ளே போனபோது நீயும் அங்கே இருந்தாய். விரல் உயரத்துக்கு ஒரு பொம்மை, தலையில் டிரைவர் தொப்பி, என்னைப் பார்த்து நின்றுகொண்டு. அவசரத்தில் நான் பொத்தானை மாற்றி அழுத்தியதில், என் பொம்மை ஓடையில் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் முழுகுவதில்லை. நனைந்தபடி ஏறி வந்தேன். நீ நகரவில்லை. எழுதிக் காட்டுகிற பெட்டி ஒன்று திரையில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அடுத்த நிமிஷமே கேள்வி கேட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீயும் தொடவில்லை.

கடைசியாக நடுவில் ஒரு கல் மிச்சம் இருந்தது. நான் தள்ளி நின்றேன். நீ கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு எடுத்தாய். எடுத்துக்கொண்டு போய்ப் பஸ் நிறுத்தக் கம்பத்தின் கீழே வைத்தாய். கம்பத்தை மட்டும் பிடுங்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாய். நானும் வந்து புல்லில் உட்கார்ந்தேன். இரண்டு பொம்மைகளும் சும்மா உட்கார்ந்திருந்தன. ஓடைச் சத்தம் மட்டும்தான். அந்தப் பக்கம் நீ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதே, என் தொழில் அது. என் அரை மணி நேரம் எப்போது முடிந்ததோ தெரியாது. உன் மாமா சாப்பாட்டை மேசையில் எடுத்து வைத்து மூடிவிட்டு, என்னைக் கூப்பிடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் ஏற்கெனவே ஒரு தடவை இப்படி உன் பக்கத்தில் உட்கார்ந்தவர்தானே. அம்மாவும் வந்துவிட்டாள். நீ எழுந்து போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் எழவில்லை.

உனக்கு ஏற்ற விளையாட்டு எது என்று எனக்குத் தெரியாது, வாண்டு. அந்தத் தோட்டம் உனக்கு வலித்தால் வராதே. சுவர் கழுவுவது வேண்டுமானால் சொல், உன் மாமாவிடமிருந்து எப்படியாவது பிடுங்கி அனுப்புகிறேன். மலையேறுவதோ மாவு பிசைவதோ, எது உன் முகத்தைக் கொஞ்சம் மலர்த்துமோ அதை விளையாடு. ஆனால் தனியாக உட்கார்ந்து கல் பெயர்க்காதே. பெயர்க்க வேண்டும் என்று தோன்றினால் எனக்குச் சொல்லி அனுப்பு, மறு கோடியிலிருந்து நான் வருகிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு சாயங்காலம் உனக்குப் போன் செய்வேன். நாள் முழுக்கப் போனிலேயே இருக்கிறவள், எனக்காக ஒரு போன் பேசிக்கொள்கிறேன். நீ எடு. பேச வேண்டாம். நான் உன்னை ஒன்றே ஒன்று கேட்பேன்: அக்கா வரட்டுமா? ஒரு தட்டு தட்டினால் அடுத்த ரயிலில் நான் வருவேன். இரண்டு தட்டு தட்டினாலும் வருவேன், ஆனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். நன்றாக யோசித்துத் தட்டு.

யார் கூப்பிட்டாலும் எங்கள் முதல் கேள்வி, எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். உன்னிடம் அதைக் கேட்க மாட்டேன். நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.

நல்லா இருடா, கண்ணு.

இப்படிக்கு,
உன் வேலிக்கு அந்தப் பக்கத்து
அக்கா.